பதினேழு

பேருந்து இறக்கிவிட்டபோது
என் கடிகாரத்தில் ஆறரை.
பீடோங்கில் மணி ஒன்பது.
இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று என்று
முதுகுப் பையோடு நின்று யோசிக்கையில்
மழை வந்தது,
சாரலாக அல்ல, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி.

கையில் முந்நூற்று நாற்பது ரிங்கிட்.
பதினோரு நாள்.
நாளுக்கு முப்பது போக மிச்சம் பத்து.
அந்தப் பத்தை ஆசைக்கென்று
தனியாக மடித்து வைத்திருந்தேன்.

எதிரே கோப்பிக் கடை.
"உக்காரு தம்பி. பசியாற என்னா வேணும்?"
எங்கள் ஊரில் பசி எடுக்கும், கிள்ளும்,
சமயத்தில் செத்தும் போகும்.
ஆறுவது அன்னதான நோட்டீசில் மட்டும்.
ஒரு தே கேட்டேன். "ரெண்டு வெள்ளி" என்றாள்.
வெள்ளி இல்லை, ரிங்கிட்தான் இருக்கிறது என்றேன்.
ஜெயகௌரி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அவள்
கல்லாவில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

தெரியாத நாடு வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.
தெரிந்த மொழி
தெரியாத சட்டை போட்டுக்கொண்டு வந்து
தலை துவட்டத் துண்டு தருகிறது.

"மலிவா படுக்கணுமா? சடக்கத் தாண்டு,
ஆ செங் கடை மாடி.
கட்டிலு பன்னெண்டு வெள்ளி."
சடக்கு என்றால் சாலை என்று
தாண்டி முடித்த பிறகுதான் புரிந்தது.

மாடிப்படி முழுக்க பூட்சுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி தோட்டம்.
கொடியில் ஈரக் கையுறைகள்.
மூலையில், நாளிதழ் சுற்றிய வாயோடு
செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள்கள்.
கட்டில்களில் ஆண்கள்; எல்லோரும்
என் பையைப் பார்த்தார்கள்.

"ஏஜண்டுக்கு எவ்ளோ கட்டுன?"
கேட்டவன் சொஹைல். ஊர் கொமில்லா.
தமிழ் இந்தத் தோட்டத்தில் எட்டு வருடத்தில் ஏறியது.
யாருக்கும் கட்டவில்லை என்றேன்.
"அப்ப யாரு கொண்டாந்தா?"
நானாக வந்தேன். சும்மா. பார்க்க.
"என்னாத்த?"

ஊரை, என்று சொல்ல வாயெடுத்து
ஜன்னலைப் பார்த்தேன்.
வரிசையாகச் செம்பனை, அதன் பின்னால் செம்பனை.
அவன் என் பதிலை வங்காளத்தில் சொன்னான்;
யாரோ நேபாளியில் சொன்னார்கள்;
சிரிப்பு கட்டில் கட்டிலாகப் போய்
சுவரில் முட்டித் திரும்பி வந்தது.
கெட்ட சிரிப்பில்லை.
கல்யாண வீடு மாறி வந்து
பந்தியில் உட்கார்ந்துவிட்டவனைப் பார்த்துச் சிரிப்பது.

பிறகு, குரலைத் தணித்து:
"பாஸ்போர்ட்டு ஒன் கையிலயே இருக்கா?"

வயிற்றுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
கைலியில் கை துடைத்து இரண்டு கையாலும் வாங்கினான்.
வெற்றுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான்.
மூன்றாம் கட்டிலுக்குப் போயிற்று. ஏழாம் கட்டிலுக்கு.
பேசிக்கொண்டே இருந்தேன்;
கண் மட்டும் அதன் பின்னாலேயே போனது.
அதை அவனும் பார்த்தான்.
திரும்பி வந்தபோது
சூடாக இருந்தது, பதினாறு பேர் கைச் சூடு.
"பைய தலைக்கு வச்சிப் படு" என்றான், "எலி இருக்கு."

விடிய நெடுநேரம் இருக்கையில் லாரி ஆரன்.
தூங்காதவனுக்கு எழுவது எளிது.
முதல் பேருந்தைப் பிடிக்கலாமென்று
பையை மாட்டி அவர்களோடே இறங்கினேன்.
கீழே மண்டோர், டார்ச்சால் முகம் முகமாகத் தொட்டு
தமிழில்தான் எண்ணினார்:
பதினாலு. பதினஞ்சு. பதினாறு.
வெளிச்சம் என் கண்ணில் நின்றது.
பதினேழு.

இல்லை என்று சொல்ல
ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. அதற்குள்
லாரியின் மேலிருந்து சொஹைல்:
"அவன் இல்ல. அவன் சும்மா."

டார்ச் தாழ்ந்தது.
எண்ணிக்கை சரியாகி லாரி போயிற்று.
சடக்கில் நான், டீசல் வாடை, ஒரு நாய்.
கடிகாரத்தின் திருகைத் திருகி
இரண்டரை மணி நேரத்தை முன்னே தள்ளினேன்.

ஆசைக்கு வைத்த பத்து வெள்ளி
மடிப்புக் கலையாமல் இருந்தது.